சாராயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்

கிண்ணம் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

முழங்காலில் நின்று, கண்களை மூடி, உதட்டை லேசாகத் திறந்து வைத்துக் காத்திருந்த கொளஞ்சியம்மாளுக்கு முதலில் அது புரியவில்லை. இடப்பக்கம் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் ஒரு வாய் விழுங்கிய சத்தம் கேட்டது. அடுத்து அவள் முறை. போதகரின் வெள்ளை அங்கி முகத்தருகே உரசிக்கொண்டு நகர்ந்தது. பிறகு வலப்பக்கத்துப் பெண் விழுங்கிய சத்தம் கேட்டது. அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

கோயில் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐயோ, ஒரு மனுஷியின் நெஞ்சு உடைகிற சத்தம் மட்டும் வெளியே கேட்டிருந்தால் அன்றைக்கு அந்தக் கோயிலின் ஓடுகளே சரிந்திருக்கும்! கொளஞ்சியம்மாள் அழவில்லை. எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நேராக வாசலைப் பார்த்து நடந்தாள்.

கல்வராயன் மலை அடிவாரத்தில், சங்கராபுரம் போகிற சாலையோரம் இருந்தது வெள்ளேரிப்பட்டு. ஊர்த்தெரு ஒரு பக்கம், மிஷன் தெரு ஒரு பக்கம், நடுவே சாலை. அந்த மிஷன் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கொளஞ்சியம்மாள். பிறந்தது சின்னசேலம் பக்கம். அவள் சிறுமியாக இருந்தபோது அந்த ஊர் டீக்கடையில் அவள் சனங்களுக்கென்று கூரையில் கொட்டாங்குச்சி செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டுக் கழுவி, திரும்பச் செருகிவிட்டு வர வேண்டும். பண்ணை வீட்டில் தாகமென்றால் இரண்டு கையையும் குவித்து நீட்ட வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள், பாதி முழங்கை வழியே ஓடிவிடும்.

கலியாணமாகி, ஞானஸ்நானம் எடுத்து, முதல் திருவிருந்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அவள் வாழ்க்கையில் விடிந்த முதல் நாள். வாத்தியார் பெண்டாட்டி திராட்சரசம் குடித்த அதே கிண்ணம் அவளிடம் வந்தது. விளிம்பை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"இந்தாய்யா, அதே கிண்ணத்துல எனக்கும் குடுத்தாங்க!"

"பின்ன, உனக்குத் தனியா அண்டாவுலயா குடுப்பாங்க?" என்று சடையன் சிரித்தான். மிஷன் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் அருமை எங்கே தெரியும்? அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கிண்ணத்தில் உதடு வைப்பதற்காகவே மற்ற நாட்களை அவள் வாழ்ந்தாள்.

அந்தக் கிண்ணத்தைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். ஏன்? அவள் சாராயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம்!

உட்கார்ந்தது உண்மைதான். அது எப்படி ஆரம்பித்தது என்பதைக் கேட்க வேண்டும்.

சடையன் கரும்பு வெட்டுகிறவன். காலையில் குடித்த நீராகாரத்தோடு வெயிலில் வெட்டி, மாலையில் கூலி வாங்கியதும் நேரே ஏரிக்கரைச் சாராயக் கடைக்குப் போவான். வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ். பிறகு யாராவது அவனைத் தூக்கி வர வேண்டும். ஒருநாள் கொளஞ்சியம்மாளுக்குப் பொறுமை செத்துப்போயிற்று. அடுப்பில் இருந்த கூழ்ப்பானையை அப்படியே தூக்கிக்கொண்டாள். கடை வாசலில் வைத்து அவன் தலையில் போட்டு உடைத்துவிட்டு, வந்த வழியே தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவது என்று புறப்பட்டாள்.

கடையில் அன்றைக்குக் கூட்டம். சடையன் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பெண்டாட்டி பானையோடு வருவதைப் பார்த்தவன், அவள் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்! ஓடி வந்து பானையை வாங்கி, அங்கேயே குந்தி, மூன்று சொம்பு கூழைக் குடித்தான். ஏப்பம் விட்டான். வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"வா, வூட்டுக்குப் போவலாம். வயிறு கம்முனு இருக்குது," என்றான்.

பானையும் உடையவில்லை, பஸ்ஸும் ஏறவில்லை. மறுநாளும் கொண்டுபோனாள். அடுத்த நாளும். அவனோடு கரும்பு வெட்டுகிறவர்களும் கையை நீட்டினார்கள். கூழ் மட்டுமென்றால் சில பேர் முகத்தைத் திருப்பினார்கள். அதனால் கருவாடும் மிளகாயும் எடுத்துப்போய் அங்கேயே தணலில் சுட்டாள். அந்த வாசனைக்கு வராதவன் எவன்? ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சொம்பு கூழ் முழுசாகக் குடித்தவனுக்குத்தான் கருவாடு. கையில் வாங்கிக்கொண்டு கடைக்குள் போக முடியாது. போனால் மறுநாள் அவனுக்கு அடுப்பு கிடையாது.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் பல பேர் வீட்டுக்குத் தங்கள் காலால் நடந்து போனார்கள். சடையன் முதலில் குறைத்தான், பிறகு மறந்தான், கடைசியில் பானையைத் தலையில் சுமந்துகொண்டு பெண்டாட்டிக்கு முன்னால் நடந்தான்.

எண்பத்தேழாம் வருஷம் பிறந்ததும் சர்க்கார் சாராயக் கடைகளை மூடியது. கடை மூடியதே தவிர தொண்டை மூடவில்லை. மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சி, லாரி டியூபில் நிரப்பி, தோளில் மாட்டிக்கொண்டு முனியன் இறங்கினான். டியூப் முனியன் என்றே அவனுக்குப் பெயர். மலைப்பாதை சாலையைத் தொடுகிற இடத்துப் புங்கமரத்தடியில் அவன் வியாபாரம். கொளஞ்சியம்மாளும் பானையைத் தூக்கிக்கொண்டு அதே புங்கமரத்தடிக்கு வந்துவிட்டாள்.

இதைத்தான் மூப்பர் ஏசடியான் பார்த்தார்.

சபையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் கெட்டவரல்ல. அவருடைய அண்ணன் குடித்தே செத்தவர். சாராயக் கடை வாசலில் முட்டையும் சுண்டலும் கருவாடும் விற்கும் சாக்னாக் கடைக்குத் தின்னப் போய், அங்கிருந்து கிளாஸுக்கு நகர்ந்தவர். சாக்னாக் கடைதான் நரகத்தின் வாசல் என்பது மூப்பரின் மனசில் சூடு போட்டதுபோல் பதிந்திருந்தது. டியூபுக்குப் பக்கத்தில் கருவாடு சுடுகிற பெண்ணைப் பார்த்தால் அவருக்கு வேறு என்ன தோன்றும்?

ஆகஸ்டு மாதத்தில் சபைக் கமிட்டி கூடியது. புதுப் போதகர் அன்புச்செல்வன், மிஷன் தெரு வாய்க்கு 'ஐயர்', நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் வேதம் படித்து வந்த சின்ன வயசுக்காரர். நல்லவர். படித்ததைச் சொல்ல இடம் கிடைத்தால் விடமாட்டார்.

"சாராயம் விக்கறவன் ஒரு பக்கம், சாக்னா விக்கறவ ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் இன்னாம்மா வித்தியாசம்?" என்று மூப்பர் ஆரம்பித்தார்.

"அவங்கிட்ட போனவனைத் தூக்கிக்கினு வரணும், பெரியவரே. எங்கிட்ட வந்தவன் நடந்து வருவான்."

"எங்கண்ணனும் முதல்ல சாக்னா தின்னத்தான் போனான்!"

மூப்பரின் குரல் உடைந்தது. பேச்சை மாற்றுவதற்காகப் போதகர் தொண்டையைச் செருமினார். பாவம், அவர் நல்லெண்ணத்தில்தான் வாயைத் திறந்தார்.

"குடிவெறியைப் பற்றி வேதத்தில் பல வார்த்தைகள் இருக்கின்றன. சபைத் தலைவன் குடிகாரனாக இருக்கக் கூடாது என்று வருகிற இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் 'பரோய்னோஸ்' என்று இருக்கிறது. அதை உடைத்துப் பார்த்தால் சுவாரஸ்யம். 'பரா' என்றால் பக்கத்தில். 'ஒய்னோஸ்' என்றால் திராட்சரசம். மதுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறவன் என்று…"

மூப்பர் தொடையில் ஓங்கித் தட்டினார். "கேட்டீங்களா! குடிக்கக்கூட வேணாம், பக்கத்துல உக்காந்தாலே குடிகாரன்னு வேதமே சொல்லுது!"

"அப்படியில்லை, மூப்பரே, நான் சொல்ல வந்தது…" என்று போதகர் தடுமாறினார். யார் கேட்டார்கள்? வாயை விட்டுப் போன வார்த்தை வில்லை விட்டுப் போன அம்பல்லவா! அது போய்க் கொளஞ்சியம்மாளின் மார்பில் குத்தி நின்றது.

அவள் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவள் கொளஞ்சியம்மாள் இல்லை.

"அப்போ மாசம் ஒருக்கா நீங்களுந்தான ரசத்துக்குப் பக்கத்துல நிக்கறீங்க, ஐயரே?"

ராஜாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் தீர்ப்பை எழுதியது. புங்கமரத்தடியை விட்டு விலகும்வரை கொளஞ்சியம்மாளுக்குத் திருவிருந்து இல்லை என்று மூப்பர் எழுந்து நின்று சொன்னார். கைகள் உயர்ந்தன. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியும் ஐயருக்கு மனசு வராது என்று நம்பித்தான் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் முழங்காலில் நின்றாள். கிண்ணம் தாண்டிப் போனது.

"வுட்டுடேன்மே," என்றான் சடையன், அன்று சாயந்திரம் பானையைக் கழுவிக்கொண்டே. "ரெண்டு மாசம் புங்கமரத்துப் பக்கம் போவாத. கிண்ணம் தானா வரும்."

"நான் போவலன்னா நீ போவே."

"நான் எங்கமே போவப் போறேன்? அந்தக் கருமத்தோட ருசியே மறந்துபோச்சு."

"நீ போவலன்னா ராஜாம்பா புருசன் போவான். கரும்புக்கு வந்த மலைக்காரப் பசங்க போவாங்க. நான் கிண்ணத்துல வாய் வெக்கறதுக்காக அவங்க டியூப்புல வாய் வெக்கணுமா?"

சொல்லிவிட்டாளே தவிர அவள் நெஞ்சு கிடந்து துடித்தது. மறுபடியும் கையைக் குவித்து நிற்கிற சிறுமியாக அவள் ஆகிவிட்டாள். இந்த முறை கையில் ஊற்றக்கூட ஆளில்லை.

இப்படியிருக்கும்போதுதான் சாலைகள் நின்றன.

தங்கள் சனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று தென்னாற்காடு முழுக்க ஊர்த்தெருக்காரர்கள் சாலைக்கு வந்த நாட்கள் அவை. ஒரு வார மறியல். வெள்ளேரிப்பட்டிலும் பெரிய புளியமரம் ஒன்றைச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பால் வண்டிகூட இல்லை. ஜெபக் கூட்டத்துக்கு வந்திருந்த போதகர் அன்புச்செல்வன் திரும்பிப் போக வழியில்லாமல் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்.

மறியலுக்குத் தலைமை கலியமூர்த்தி. பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அப்பாவின் ஏரைப் பிடித்தவன். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. முதல் இரண்டு நாள் ஒழுங்காகவே நடந்தது. வீட்டிலிருந்து சோறு வந்தது, கோஷம் போட்டார்கள், பாடினார்கள்.

சனிக்கிழமை காலை எல்லாம் மாறியது. வடக்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. அடுத்த நாழிகையில் போலீஸ் லாரி வயல் வழியாகச் சுற்றி ஊர்த்தெருவுக்குள் புகுந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வீடுகளைப் பூட்டிவிட்டு, சோளக்கொல்லை தாண்டி உறவுக்காரர் ஊர்களுக்கு ஓடினார்கள். லாரி போன பிறகும் திரும்பவில்லை. புளியமரத்தடியில் இருந்த ஆண்களுக்கு அன்றைக்குச் சோறு வரவில்லை.

மலையிலிருந்து டியூப் முனியன் வந்தான்.

"இன்னிக்கு காசு வேணாம்! உங்க போராட்டத்துக்கு என்னால ஆனது!" என்று மரத்தடியில் டியூப்களை இறக்கினான். இன்று இலவசமாய்க் குடித்தவன் நாளை காசோடு வருவான் என்பது அவன் கணக்கு. மத்தியானத்துக்குள் சிலருக்குக் கண் சிவந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. எவன் வாயில் பிறந்ததென்று கடைசிவரை தெரியவில்லை.

"போலீசுக்கு வயல்ல வழி காட்டினவன் மிஷன் தெருக்காரன்தான்!"

தீக்குச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மிஷன் தெருவில் இருந்தவை பூராவும் கூரை வீடுகள். ராஜாம்பாள் சாலை ஓரம் நின்று அந்தக் கத்தலைக் கேட்டு, தலைதெறிக்க ஓடி வந்தாள். மூப்பர் ஏசடியான் மணியை அடித்தார்.

"எல்லாரும் கோயிலுக்குள்ள வாங்க! கதவ சாத்திக்கலாம்! கர்த்தர் பாத்துக்குவார்!"

எல்லோரும் ஓடினார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மூப்பர் அவள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? அங்க கூரைய கொளுத்தப் போறான், இங்க நீ கூழு காச்சுறியா?"

"காலைல இருந்து பட்டினி கெடக்கறாங்க, பெரியவரே. வெறும் வயித்துல ஊத்தறான் முனியன். அந்த வயித்தோட இருட்டினா, நம்ம கதவ எத்தினி தாழ் போட்டாலும் தாங்காது."

"அவங்க உன் கூழக் குடிப்பாங்களா? உன் கையால? எந்த ஊர்ல இருக்கற நீ?"

அவளுடைய பயமும் அதுதான். மிஷன் தெருக்காரர்களும் மலைக்காரர்களும் அவள் சொம்பில் குடித்திருக்கிறார்கள். ஊர்த்தெருக்காரன் ஒருவன்கூடக் குடித்ததில்லை. பானையைச் சடையன் தலையில் ஏற்றினாள். கருவாட்டுக் கூடையைத் தான் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த போதகர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். செருப்பு இடம் வலம் மாறியிருந்ததைக் கொளஞ்சியம்மாள் பார்த்தாள். பார்க்காததுபோல் நடந்தாள்.

"வா யக்கா, வா!" என்று முனியன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். "உனக்காகத்தான் காத்துக்கினு இருக்கறேன். சாக்னா இல்லாம பசங்க தவிச்சுப் போறாங்க!"

கலியமூர்த்தி புளியமரத்திலிருந்து இறங்கினான். கையில் கிளாஸ். அவன் இன்னும் வாய் வைத்திருக்கவில்லை.

"ஏ கொளஞ்சி, உன்ன யாரு இங்க வரச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நான் எப்பவும் இவன் பக்கத்துலதான உக்காருவேன்? இன்னிக்கு இவன் இங்க வந்தான், நானும் வந்தேன்."

சொல்லிக்கொண்டே டியூப்களுக்கும் ஆட்களுக்கும் நடுவில் குந்தினாள். மூன்று கல்லைக் கூட்டினாள். தணல் மூட்டி விசிறினாள். கருவாடு சுருண்டு எண்ணெய் கசிந்தது. அந்த வாசனை சாலையின் இரண்டு பக்கமும் போயிற்று. மரத்தின்மேல் சாய்ந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் கையை நீட்டினான்.

"சும்மா தரமாட்டேன். முதல்ல ஒரு சொம்பு கூழு. பொறவுதான் கருவாடு."

நீட்டிய கை நின்றது. "எதுல குடிக்கறது?" என்றான் ஒருவன் மெதுவாக.

அதுதான் கேள்வி. அவர்கள் பாத்திரமெல்லாம் பூட்டிய வீடுகளுக்குள் இருந்தன. அங்கே இருந்தவை கொளஞ்சியம்மாளின் சொம்புகள், மிஷன் தெரு வாய்கள் பட்ட சொம்புகள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முனியன் மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு கிளாஸை நிரப்பினான்.

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்தாள். எத்தனையோ வருஷத்து நெருப்பு அவள் கண்ணில் எரிந்தது.

"சொம்பு ஆவாதுன்னா சொல்லுங்க. கொட்டாங்குச்சி பொறுக்கியாந்து தரேன். எங்கப்பன் அதுலதான் குடிச்சாரு. வயிறு ஒண்ணும் கெட்டுப்போவல."

சடையன் பானைக்கு முன்னால் நகர்ந்து நின்றான். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழும், இல்லை கொள்ளி விழும்.

கலியமூர்த்தி அவளையே பார்த்தான். அவன் முகம் கறுத்தது, பிறகு சிவந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எல்லோரும் சமமாக உட்கார ஓர் இடம் வேண்டும் என்றுதானே அவன் மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்? அந்தக் குரலே திரும்பி வந்து அவன் காதில் அறைந்திருக்க வேண்டும். கையிலிருந்த கிளாஸைச் சாலையில் கவிழ்த்தான். அவள் எதிரில் குந்தினான். சொம்பைத் தானே எடுத்தான்.

"ஊத்து யக்கா," என்றான்.

யக்கா! அந்த ஒரு வார்த்தையை எழுதும்போது இப்போதும் கண் நிறைகிறது. அவள் ஊற்றிய கூழ் விளிம்பைத் தாண்டி அவன் விரலில் வழிந்தது. அவன் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் வாய் வைத்துக் குடித்தான். அப்புறம் அவனே இன்னொருவனிடம் அதே சொம்பை நீட்டினான்.

"குடிங்கடா! பசிச்ச வயித்தோட எந்த நாயோட கூரைய கொளுத்தப் போறீங்க?"

வரிசை கட்டினார்கள். குடித்தவர்கள் கருவாட்டைக் கடித்துக்கொண்டு நிழலில் சரிந்தார்கள். சிவந்த கண்கள் தூக்கத்தில் மூடின. ஆனால் பானை ஒன்று, வாய்கள் எத்தனை! அகப்பை அடியில் தட்டியது. வரிசையில் இன்னும் ஆள் நின்றது. முனியன் டியூபைத் தட்டினான்.

"கூழு தீந்துபோச்சா? பரவால்ல. வாங்கப்பா, எங்கிட்ட தீராது!"

அப்போதுதான் சடையன் கத்தினான். "அங்க பாருமே!"

மிஷன் தெருவிலிருந்து ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. முன்னால் ராஜாம்பாள், தலையில் பானை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒவ்வொரு பானையோடு. நடுவில், வேட்டியை மடித்துக் கட்டி, வெள்ளைச் சட்டையெல்லாம் கூழ் சிந்த, தோளில் ஒரு பெரிய குண்டானைச் சுமந்துகொண்டு மூப்பர் ஏசடியான்! கலியமூர்த்தி அவள் சொம்பில் வாய் வைத்ததை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பூட்டிய கோயிலைத் திறந்தவரும் அவரே, அறுவடைப் பண்டிகைக்கு வைத்திருந்த கேழ்வரகை எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

குண்டானை அவள் முன்னால் இறக்கினார். மூச்சு வாங்கியது.

"அடுப்புலருந்து நேரா வருது. சூடு ஜாஸ்தி. ஊதிக் குடிங்கப்பா," என்று ஆட்களிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். வாய் கோணியது, தாடை ஆடியது, அந்தப் பெரிய மனுஷன் குழந்தை மாதிரி விம்மினார்.

"எங்கண்ணனுக்கு அன்னிக்கு எவளும் ஒரு சொம்பு கூழு ஊத்தலியே, கொளஞ்சி…"

"அழாதீங்க பெரியவரே. கூழுல உப்பு ஏற்கனவே சரியா இருக்குது," என்றாள் அவள். சொன்ன அவளே அழுதாள்.

சாயந்திரம் டியூப் முனியன் தீராத டியூப்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே மலையேறினான். இறங்கும்போது சுமந்ததைவிட ஏறும்போது கனம் அதிகமாகத் தெரிந்திருக்கும். "ஏ டியூப்பு! ஏத்தத்துல பாத்துப் போ, காத்து போயிடப் போவுது!" என்று மரத்தின்மேல் இருந்தவர்கள் கூவினார்கள். மிஷன் தெருவில் அன்றைக்கு ஒரு கூரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர்த்தெருப் பெண்கள் இன்னும் திரும்பவில்லை. விடிந்ததும் கொளஞ்சியம்மாள் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டிவிட்டாள். கோயில் மணி அடித்தது. அவள் தலை நிமிரவில்லை. தனக்கு அங்கே இடமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

கோயிலுக்குள் மூப்பர் எழுந்து நின்றார்.

"ஐயரே, கிண்ணத்த எடுங்க. போவலாம்."

"எங்கே?"

"அவ இருக்கற எடத்துக்கு. அந்தக் கிரேக்க வார்த்தைக்கு அர்த்தம் இன்னாவோ இருக்கட்டும். நேத்து அவள நான் கண்ணால பாத்தேன். என் தீர்ப்ப நானே கிழிச்சுப் போடறேன்."

பாட்டுப் பாடிக்கொண்டே சபை முழுவதும் சாலைக்கு வந்தது. முன்னால் வெள்ளை அங்கியில் போதகர், கையில் கிண்ணம். மரத்தின்மேல் இருந்தவர்கள் என்னவென்று புரியாமல் எழுந்தார்கள். கொளஞ்சியம்மாள் விசிறியைக் கீழே போட்டாள்.

போதகர் பேசினார். அன்றைக்கு அவர் குரலில் படிப்பின் மிடுக்கு இல்லை.

"ஒரு வார்த்தையை இரண்டாக உடைத்து, துண்டுகளை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். அது என் பிழை. அந்தச் சொல்லைக் கிரேக்கர்கள் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவனுக்கு, வம்பு செய்கிறவனுக்குத்தான் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு அல்ல. குடிவெறிக்கு வேதத்தில் இன்னொரு சொல் உண்டு, 'மெதே' என்று. அதன் சகோதரச் சொல்லை வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மழைக்குச் சொல்லியிருக்கிறார்கள். உழுத மண்ணை மழை முழுக்க நனைக்கிறதே, அதற்கு. வெறி என்றால் உள்ளே ஊறிப்போவது. எது உள்ளே போய் ஊறுகிறதோ, மனுஷன் அதுவாகிறான். நேற்று இந்தச் சாலையில் இரண்டு மழை பெய்யக் காத்திருந்தன. இந்த அம்மாள் முந்திக்கொண்டாள்."

தணலில் ஒரு கருவாடு கருகியது, யாரும் திருப்பிப் போடவில்லை.

"கொளஞ்சியம்மாள், இங்கேயே நில்லுங்கள். நாங்கள்தான் வந்திருக்கிறோம்," என்றார் போதகர்.

அவள் முழங்காலிட்டாள். தார்ச்சாலை சுட்டது. மூப்பர் ஏசடியான் தன் தோள் துண்டை மடித்து அவள் முழங்காலுக்குக் கீழே தள்ளினார். அப்பம் வந்தது. கிண்ணம் வந்தது. போதகரின் கை அவளை விட்டு நகரவில்லை. அவள் குடித்து, நிமிர்ந்து மூச்சு விடும்வரை அங்கேயே நின்றது. மிஷன் தெருப் பெண்கள் குரலெடுத்துப் பாடினார்கள். பாட்டு தெரியாத மரத்தடிக்காரர்கள் கை தட்டினார்கள். சடையன் மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணீர் காதுவரை ஓடியது.

"எங்களுக்கெல்லாம் கிடையாதுங்களா, ஐயரே?" என்று கலியமூர்த்தி பாதிச் சிரிப்பும் பாதி நிஜமுமாகக் கேட்டான்.

"உங்களுக்கு நேற்றே கொடுத்துவிட்டாளே," என்றார் போதகர்.

மறியல் முடிந்தது. புளியமரத்தை அறுத்து அகற்றினார்கள். அடுத்த மாதமே சபைக் கமிட்டியில் கொளஞ்சியம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். போய் உட்கார்ந்தாள். ஆனால் கூட்டம் மாலையில் வைத்தால் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மாலையில் அவளுக்குப் புங்கமரத்தடியில் வேலை இருந்தது. மூப்பர் ஏசடியான் கூட்டத்தைக் காலைக்கு மாற்றினார்.